அம்மாவை மூன்று நாள் வைத்துப் பார்த்தோம்

1

எங்கள் மருத்துவமனையில் விடுப்பு கேட்க ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் இந்த வருஷமும் "அம்மாவின் நினைவு நாள்" என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்து அம்மையார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். போன வருஷத்துப் படிவத்தையும் அதற்கு முந்தின வருஷத்துப் படிவத்தையும் தேடி எடுத்து, மூன்றையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். மூன்றிலும் மூன்று தேதி.

"விஜயா, உன் அம்மா எத்தனை தடவை இறந்தார்?"

கேலி இல்லை, நிஜமான சந்தேகம்தான். திதி என்பது நிலாக் கணக்கு, அது வருஷா வருஷம் நகரும் என்று விளக்க ஆரம்பித்தேன். தேய்பிறையும் வளர்பிறையும் என் ஆங்கிலத்தில் ஏறி இறங்கி வந்து சேர்வதற்குள் அவர் கையெழுத்தே போட்டுவிட்டார். "கிராண்ட்" என்றார். இந்த அயர்லாந்தில் எல்லாமே கிராண்ட். மழை பெய்தால் கிராண்ட், காய்ச்சல் இறங்கினால் கிராண்ட், நான் குத்திய ஊசி வலிக்காவிட்டால் அதுவும் கிராண்ட்.

விடுப்பு கிடைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கதையை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்களாம். விஜி பெற்ற தாயை வைரமாக்கி வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டாள் என்றுகூட அல்சூர் பக்கம் பேச்சாம். விற்கவில்லை. வைரமும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

2

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் மர்பி டவுன். அப்பா ஒரு கேன்டீனில் சமையல்காரர், நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா கோவிந்தம்மா நாலு வீட்டில் வேலை பார்த்து, அண்ணன் சேகரை ஐ.டி.ஐ. வரைக்கும், என்னை நர்சிங் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். அயர்லாந்தில் நர்சுகளுக்குக் கிராக்கி என்று தகவல் வந்த வருஷம் நானும் கிளம்பினேன். கார்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பின்னாலேயே என் வீட்டுக்காரரும் மகள் நித்யாவும் வந்தார்கள். அவருக்கு சூப்பர்மார்க்கெட் கிடங்கில் வேலை. நித்யா வந்த புதிதில் தமிழில் அழுதாள். இப்போது ஆங்கிலத்தில் அழுகிறாள், அதுவும் இந்த ஊர் ராகத்தில்.

நான் கிளம்பிய ஆறாவது மாதம் அம்மாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. அதுவும் கொஞ்சம் விழுந்திருக்கலாம் என்று அண்ணன் சொல்வான், அம்மா காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

அம்மாவைப் பார்த்துக்கொண்டது அண்ணி சரளா. பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலையில் இருந்தவர், அம்மாவுக்காக அதை விட்டார். நாலு வருஷம். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டுப் பேசுவேன். அம்மா குறைப் பட்டியல் வாசிப்பாள். காப்பி ஆறிப்போச்சு, சாதம் வெறைச்சுக்கினு இருக்கு, உங்க அண்ணி ரேடியோவ நிறுத்தறதே இல்ல. உடனே நான் அண்ணியைக் கூப்பிட்டு, "காப்பிய மட்டும் கொஞ்சம் சூடா குடுத்துடுங்களேன் அண்ணி" என்பேன். அவர் "சரி விஜி" என்பார். இரண்டு கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு காப்பியின் சூட்டைப் பற்றிப் பேசுவது மிகவும் சுலபமாக இருந்தது.

ஒரு தடவை அம்மாவை இங்கே அழைத்துவர விண்ணப்பம் போட்டேன். திரும்பிப் போவதற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். சொந்த வீடு உண்டா, பாங்கில் பணம் உண்டா, ஊரில் என்ன பிடிமானம்? ஒரு கையும் ஒரு காலும் விழுந்த கிழவி திருட்டுத்தனமாக எங்கே ஓடிப்போய்த் தங்குவாள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. இதை இப்போதுதான் முதல் தடவையாக வெளியே சொல்கிறேன். மறுபடி விண்ணப்பம் போடவில்லை.

அம்மா போன செய்தி வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். லண்டனில் ஒரு விமானத்தைத் தவறவிட்டு, அடுத்ததைப் பிடித்து, மர்பி டவுன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கல்பள்ளி சுடுகாட்டில் பால் தெளித்து எலும்பு பொறுக்கியாகிவிட்டது. சிவப்புத் துணி கட்டிய ஒரு மண்சட்டிதான் எனக்கு மிச்சம். நான் முகம் பார்க்கவே இல்லை.

3

இங்கே கிழவர் டெனிஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெனிஸ் எங்கள் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்கக் கிண்ணங்களுக்குப் பட்டை தீட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு சின்ன உலை வைத்துக்கொண்டார். அம்மா போவதற்கு முந்தின வருஷம் இடுப்பு ஒடிந்து எங்கள் வார்டில் கிடந்தார். எக்ஸ்ரே எடுக்கும் பையன், கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னான். டெனிஸ் கழற்றி என் கையில் கொடுத்து, "இது என் பெண்டாட்டி, இவளைக் கொஞ்சம் வெளியே உட்கார வை. தனியாக விட்டால் கோபித்துக்கொள்வாள்" என்றார்.

சங்கிலியில் பச்சையாக ஒரு கல். உள்ளே புகை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மனைவியின் சாம்பலில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குழம்போடு சேர்த்து உருக்கி, பட்டை தீட்டி அவரே செய்தது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கும் செய்து தருகிறாராம். முதலில் சங்கிலியை நுனிவிரலால் தள்ளிப் பிடித்தேன். அப்புறம் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறை வாசலில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளோடு உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

ஆகவே பெங்களூருக்கு அவசரமாகப் பெட்டி கட்டியபோது, வார்டிலிருந்து ஒரு புத்தம்புதிய பிளாஸ்டிக் குப்பியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுப்போமே, மஞ்சள் மூடி போட்டது, அதே குப்பிதான். நர்ஸ் புத்தி வேறு எங்கே போகும்?

சாம்பலைக் கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஆற்றுக்குப் போகும் வழக்கம் இல்லை. நான் அழுத அழுகையில் அண்ணன் வேறு வழியில்லாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டான். அவன் மொட்டை அடித்துக்கொள்ளப் போன நேரத்தில் சட்டியைக் காவல் காக்கச் சொல்லி என்னிடம் விட்டுப் போனான். பாலுக்குப் பூனை காவல். துணியை அவிழ்த்தேன், குப்பியில் ஒரு கைப்பிடி எடுத்தேன், மூடினேன், மறுபடி கட்டினேன். மீதி அம்மா காவேரியோடு போனாள். குப்பியின் மேலே ஒட்டியிருந்த சீட்டில் பெயர், வார்டு, நேரம் என்று கட்டங்கள் இருந்தன. திரும்பும் வழியில் கை தன்னால் பேனாவை எடுத்துப் பெயரை நிரப்பிவிட்டது.

அயர்லாந்து விமான நிலையத்தில் சுங்க அதிகாரி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கன்னடத்தில் இருந்த மரணச் சான்றிதழை நீட்டினேன். அவருக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. "இது என்ன?" என்றார். "என் அம்மா" என்றேன். தொப்பியைக் கழற்றினார். "உங்கள் தொந்தரவுக்கு வருந்துகிறேன்" என்றார். இங்கே துக்கம் கேட்பது அப்படித்தான். உயிரோடு இருந்தபோது விசா தராத நாட்டுக்குள் அம்மா விசா இல்லாமலே நுழைந்துவிட்டாள்.

4

டெனிஸ் குப்பியை வாங்கிக்கொண்டு கேட்டது ஒரே கேள்விதான். அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது?

அம்மாவிடம் நல்ல புடவை என்று ஒன்றுதான் இருந்தது. கருநீலத்தில் மெல்லிய ஜரிகை போட்டது. கல்யாணம், காதுகுத்து, ஓட்டுப்போடும் நாள் எல்லாவற்றுக்கும் அதுதான். "நீலம்" என்றேன்.

வெளிநாட்டுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆனால் முதலில் மறந்துபோவது சனீஸ்வரனைத்தான் போலிருக்கிறது. நீலக்கல் என்றால் ஊரில் கடைக்காரனே தொட்டுக் கொடுக்கப் பயப்படுவான் என்பது அந்த நிமிஷத்தில் என் மூளையில் எங்குமே இல்லை. பச்சை என்று சொல்லியிருக்கலாம், சிவப்பு என்று சொல்லியிருக்கலாம். போயும் போயும் நீலம் என்று சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துக் கல் வந்தது. புளியங்கொட்டை அளவு. உள்ளே வெள்ளைக் கோடு ஒன்று கீழிருந்து மேலே போய், பாதியில் யாரிடமோ சண்டைக்குத் திரும்புகிற மாதிரி வளைந்து நின்றது. "இவள் அடங்கவே இல்லை, இரண்டு தடவை உலையில் வெடித்தாள்" என்றார் டெனிஸ். எங்கள் அம்மாதான், சந்தேகமே இல்லை.

இங்கே கிடைக்கும் வெளிறிய தங்கத்தில் அம்மாவைப் பதிக்க மனம் வரவில்லை. வருஷத் திதிக்கு ஊருக்குப் போகும்போது அல்சூர் பஜாரில் நல்ல தங்கத்தில் டாலராகக் கட்டி, யாருக்கும் சொல்லாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்பது திட்டம். காவேரியில் முழு அம்மாவும் போய்ச் சேர்ந்ததாக அண்ணன் நம்பிக்கொண்டிருந்தான். நம்பிக்கொண்டே இருக்கட்டும்.

5

அப்போது பெங்களூர் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. மர்பி டவுனுக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். ஆனால் சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். பையைக் குடைந்த அதிகாரி கல்லை வெளியே எடுத்து, "ஏனம்மா இது? டைமண்டா? பில் இதியா?" என்று கன்னடத்தில் ரசீது கேட்டார்.

"இல்ல சார், நம்ம தாயி" என்று பாதிக் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். என்னோடு வந்திருந்த நித்யா வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதிகாரி கல்லையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் என்னவோ பேசிக்கொண்டார்கள். கடைசியில், "தாயிகெ ட்யூட்டி ஹாகக்காகல்லம்மா, ஹோகி" என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். தாய்க்கு வரி போட முடியாதாம்.

திதி முடிந்த மறுநாள் அல்சூர் பஜாருக்கு நழுவினேன். நடராஜ ஆச்சாரி எங்கள் குடும்பத்துக்கே நகை செய்கிறவர், அண்ணியின் தாலிகூட அவர் கைவேலைதான். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடிதான். ஆனா வேலை சக்கத்தா இருக்குது. உள்ள என்ன கோடு ஓடுது? கீறலா?"

"கீறல் இல்ல."

"கோடு இருந்தா தோஷம்மா. நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது."

"தோஷம் இல்ல ஆச்சாரி. அது எங்க அம்மா."

லென்ஸ் கழன்று மடியில் விழுந்தது. நான் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கல்லை இடுக்கியால் மெதுவாகத் தள்ளி என் பக்கம் நகர்த்தினார்.

"கோவிந்தம்மாவா? வளையல் டிசைன் சரியில்லன்னு ஒரு நாள் பூரா என் கடைப்படியில உக்காந்தவங்க. அவங்கள நெருப்புல காட்டச் சொல்றியா? அதுவும் நீலத்துல! கண்ணாடியோ கல்லோ, நீலம் நீலந்தான். மூணு நாள் வீட்ல வெச்சிப் பாத்தாச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீலத்தை யாரும் வாங்கின உடனே போட்டுக்கொள்வதில்லை. மூன்று நாள் வீட்டில், தலையணைக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்கள். காரியம் தடையில்லாமல் நடந்தால், கெட்ட கனவு வராமல் இருந்தால் சேர்ந்தது என்று அர்த்தம். ஏதாவது உடைந்தாலோ யாராவது விழுந்தாலோ சேரவில்லை, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் தெருவில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல.

"வெச்சிப் பாத்துட்டு வா, கட்டித் தரேன்" என்றார் ஆச்சாரி. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லவே மாட்டேன் என்றார். நான் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் அண்ணனுக்கு போன் வந்துவிட்டது.

6

அண்ணன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். "எங்க அது? எடு வெளிய" என்றான்.

எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவன் கத்தத்தான் போகிறான் என்று நினைத்தேன். குரல் உடைந்து வந்தது.

"அதான் ஒரு வருசமா எனக்கு ஒண்ணும் ஒத்துக்கல. கால் சுளுக்கிக்கினு ஒரு மாசம் படுத்தேன். ஷிப்டு மாத்திட்டானுங்க. ஏன்டி, பாதி அம்மா அங்க, பாதி அம்மா இங்கன்னா அவங்க எப்படிடி போய்ச் சேருவாங்க? கொள்ளி வெச்சவன் நானு. பதில் சொல்ல வேண்டியவன் நானு. பேசாம நாளைக்கே ஸ்ரீரங்கப்பட்ணம் போய் ஆத்துல விட்டுட்டு வந்துடு."

"அண்ணா, நான் முகம்கூடப் பாக்கலண்ணா. எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு" என்றேன். நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி ஒரு ஓரமாக பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா போனபிறகு மறுபடி கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஆத்துலயும் வேணாம், கழுத்துலயும் வேணாம். முறையா மூணு நாள் என் தலைகாணிக்குக் கீழ வெச்சிப் பாப்போம். சேந்தா விஜி எடுத்துக்கினு போகட்டும். சேரலன்னா காவேரி."

"உன் தலைகாணிக்கா? எதுக்கு?" என்றான் அண்ணன்.

"என்னை இந்த வீட்டுக்குள்ள விடறதுக்கு உங்கம்மா மூணு மாசம் ஜோசியம் பாத்தாங்க. நான் மூணு நாள் பாக்கக் கூடாதா?"

அண்ணி ஒரு புதுக் கைக்குட்டையில் கல்லை முடிந்து எடுத்துக்கொண்டு போனார். நான் மனதுக்குள் தலையில் கைவைத்துக்கொண்டேன். நாலு வருஷம் அம்மாவிடம் பேச்சு வாங்கியவரின் தலையணைக்கு அடியில் அம்மா. வழக்குத் தொடுத்தவரே நீதிபதி. இந்தக் கல் எங்கே தேறப் போகிறது?

7

முதல் நாள் பதினோரு மணிக்கு குக்கர் வெடித்தது. வால்வு பிய்த்துக்கொண்டு போய், பருப்பு மொத்தமும் சமையலறைக் கூரையில் அப்பிக்கொண்டது. வீட்டில் நானும் நித்யாவும்தான். ஒரு நிமிஷம் இருவரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டுச் சொட்டாகப் பருப்பு விழுந்தது.

"ஆயாவா?" என்றாள் நித்யா.

"வாயை மூடு, துடைப்பத்தை எடு" என்றேன்.

துடைப்பத்தில் துணி சுற்றி, ஸ்டூல்மேல் ஏறிக் கூரையைத் துடைத்தோம். மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. பஜாருக்கு ஓடி வால்வு வாங்கிப் போட்டு, புதிதாகப் பருப்பு வேகவைத்துத் தாளித்து மூடி வைத்தேன். அண்ணி வந்து சாப்பிட்டுவிட்டு, "பருப்பு நல்லா இருக்குது விஜி" என்றார்.

இரண்டாம் நாள் தரைக்கடித் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் சம்ப் மோட்டார் கரிந்துபோனது. வாசனை தெருவரைக்கும் போயிற்று. மெக்கானிக்கைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து, நாலு மணிக்குள் காயில் கட்டி மாட்டச் சொன்னேன். நித்யா ஊதுவத்தி ஏற்றிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அயர்லாந்தில் ஒரு தட்டைக்கூட எடுத்து வைக்காத பெண் இது. திருட்டுத்தனத்தில் அவளுக்கு ஒரே குஷி. அதே நாள் பால் திரிந்தது, ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. டம்ளர் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி என் பெட்டிக்குள் ஒளித்தேன்.

சாயங்காலம் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான். கேட் பக்கத்திலேயே என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வண்டி ரெண்டு தபா பஞ்சர். இந்திரா நகர்ல விட்டுட்டு வந்தேன். உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத."

"நீதானே ஆத்துல விடச் சொன்னே?"

"சொன்னேன்" என்றான். செருப்பைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "அம்மா பெயிலாயிட்டா ஒரு மாதிரி இருக்கும் இல்ல."

மூன்றாம் நாள் கேஸ் தீர்ந்தது, இட்லி மாவு பொங்கி பிரிட்ஜுக்குள் வழிந்தது, பூனை ஒன்று உள்ளே புகுந்து கருவாட்டுச் சட்டியைக் கவிழ்த்தது. ஒரு கை அதையும் ஒரு கை இதையும் துடைத்தபடி எனக்கே வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் உறைத்தது. இந்த வீட்டில் தினமும் ஏதோ ஒன்று உடைந்துகொண்டேதான் இருந்திருக்கும். பக்கத்தில் உடம்பு முடியாத ஒரு கிழவியையும் வைத்துக்கொண்டு அண்ணி இதையெல்லாம் நாலு வருஷம் ஒற்றை ஆளாகச் செய்திருக்கிறார். அப்போது நான் ஞாயிற்றுக்கிழமை போனில் காப்பியின் சூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணி வருவதற்குள் வீடு கண்ணாடி மாதிரி இருந்தது.

8

நாலாம் நாள் காலை ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி காப்பியைக் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தோம். கைக்குட்டை முடிச்சு அவர் மடியில் இருந்தது.

"கனா ஏதாச்சும் வந்துதா அண்ணி?" என்றேன்.

"ஒண்ணும் வரல. கட்டை மாதிரி தூங்கினேன்."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"இந்த வீட்டுக்கு வந்து இத்தினி வருசத்துல இந்த மூணு நாள் மாதிரி இருந்ததே இல்ல" என்றார் அண்ணி. "பால் திரியல. தண்ணி நிக்கல. ஒரு பேஜாரு இல்ல. வேலைக்குப் போயிட்டு வந்தா சோறு ரெடியா இக்குது. இவரு நேரத்துக்கு வூட்டுக்கு வராரு."

எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. ஜெயித்துவிட்டோம்.

"அதான் சொல்றேன்" என்றார் அண்ணி. "இது அத்தை இல்ல."

மேளம் நின்றது.

"மூணு நாளா தலைமாட்டுலயே வெச்சிருக்கேன், ஒரு குறை சொல்லல, ஒரு சாமான உருட்டல. எங்க அத்தையாவது, இப்படி கம்முனு இருக்கறதாவது! அந்த வெள்ளக்காரத் தாத்தா சாம்பல மாத்தி வெச்சிட்டாரு விஜி. இது யாரோ வெள்ளக்காரி, பாவம், ரொம்ப நல்ல மனுசி. ஆத்துல விட்டுடுவோம். யாரு பெத்த பொண்ணோ, நல்ல கதி கிடைக்கட்டும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முகத்தில் நிஜமான ஏமாற்றம் தெரிந்தது. முதலில் அசைந்தது நித்யாதான். தன் ஓட்டைத் தமிழில், "அத்தை, நீ கிச்சன் வந்து மேல பாரு" என்றாள்.

அண்ணி போய்ப் பார்த்தார். கூரையில் வட்டமாக மஞ்சள் கறை.

"என்ன இது?"

"பருப்பு" என்றேன். "முதல் நாள் குக்கர் வெடிச்சிது அண்ணி."

"வெடிச்சிதா?"

"மோட்டாரும் கரிஞ்சிடுச்சி. காயில் கட்டி மாட்டினோம். பாலும் திரிஞ்சிது. டம்ளர் ஒண்ணு போச்சு, என் பெட்டியில இருக்குது. கேஸ் தீந்துபோச்சு. மாவு பொங்கி பிரிட்ஜெல்லாம் கலீஜாயிடுச்சி. பூனை வந்து கருவாட்ட..."

"என் வண்டி ரெண்டு தபா பஞ்சர்" என்றான் அண்ணன் பின்னாலிருந்து. "நேத்து போலீஸ்காரன் வேற பிடிச்சான்."

அண்ணி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு நடுவில் எங்கேயோ அழுகையாக மாறியது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக் கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"வந்தது வந்தீங்க, குக்கர ஏன் உடைச்சீங்க?" என்றார் கல்லைப் பார்த்து. "அது எங்கம்மா வீட்டு சீரு. உங்களுக்கு அதுமேல எப்பவும் ஒரு கண்ணு. மோட்டாரு என்ன பண்ணுச்சு உங்கள? அந்தப் பொண்ணு வெளிநாட்டுலருந்து வந்திருக்குது, அவகிட்டயாச்சும் சும்மா இருக்க மாட்டீங்களா?" அம்மா இருந்தவரைக்கும் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினார். நாங்கள் மூன்று பேரும் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

பேசி ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப ஆத்துக்குப் போக வேணாம் இல்ல?" என்றான் அண்ணன்.

"எதுக்கு ஆத்துக்கு? அத்தைதான் இது."

நான் கையை நீட்டினேன். அண்ணியின் விரல்கள் கல்லை மூடிக்கொண்டன. அவர் தரமாட்டார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. தராவிட்டாலும் கேட்க எனக்கு வாய் இல்லை என்பதும் தெரிந்தது. யாருக்கு அதிகம் சொந்தம் என்று கணக்குப் பார்த்தால், அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான். கையை இழுத்துக்கொள்ளப் போனேன்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து, விரலைப் பிரித்து, கல்லை வைத்து மூடினார். கல் அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"குளிப்பாட்டினேன், தூக்கி உக்கார வெச்சேன், ஊட்டினேன், பேச்சு வாங்கினேன். நாலு வருசம் நான் வெச்சிப் பாத்துட்டேன் விஜி. இனிமே உன் முறை. கூட்டிக்கினு போ."

அம்மா படுத்த நாளிலிருந்து அண்ணியிடம் நான் ஒரு தடவைகூடச் சொல்லியிராத வார்த்தையை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"சரி அண்ணி."